அடுக்களைப் புகையும் அணைய வேண்டிய அடுப்பும்

தமிழில் ‘அடுதல்’ என்னும் சொல்லுக்குச் சமைத்தல் என்பது ஒரு பொருள். வருத்துதல், கொல்லுதல் என்பன பிற பொருள்கள். அடுப்பு, அட்டில், அடுக்களை ஆகியவை முதற்பொருளின் வழி வந்தவை. ‘அடுபோர்’ என்பது மற்றப் பொருளின் வழி வந்தது. இப்பொருள்கள் ஒரே வடிவில் அமைந்தது எவ்வாறு என்பதனைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடலாம். ஆயினும், விறகும் வறட்டியும் எரிகின்ற சிற்றூர் அடுக்களையில் இவ்விரு பொருளும் இன்றளவும் ஒருங்கே நிகழ்கின்றன என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாகும்.

குறுந்தொகையின் 167-ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு தலைவியைக் காட்டுகின்றார். தாளிப்பின் புகை மையுண்ட கண்களில் நிறையவும் அதனைப் பொருட்படுத்தாது அவள் குழம்பு சமைக்கிறாள். கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பெண்ணின் கண்ணில் படிந்த புகையை அன்றே கண்டவர் நம் புலவர். அப்புகை நெஞ்சினுள்ளும் குருதியினுள்ளும் சென்று என்ன செய்கிறது என்பதனை அளந்தறிந்தது அண்மைக் கால அறிவியல். அவ்வறிவியல் கண்டவற்றையும், புகையை அகற்ற மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும், அவற்றின் வெற்றி தோல்விகளையும் சுருங்கக் காண்போம்.

புகை என்பது யாது?

விறகு நேரே எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பின்னர் மரப்பொருள் சிதைந்து எரியத்தக்க வளிகளாக மாறுகிறது. அவ்வளிகள் போதிய காற்றோடு, போதிய வெப்பத்தில் கலக்கும்போதே சுடர் எழுகிறது. காற்றோ வெப்பமோ குறையுமாயின் அவ்வளிகள் முழுவதும் எரியாமல் வெளியேறுகின்றன. அதுவே புகை. ஆகவே, புகை என்பது எரிந்ததன் எச்சம் என்பதைவிட, எரியாமற்போன விறகு எனக் கூறுதலே பொருந்தும். ஈர விறகு மிகுதியாகப் புகைவதும், ஊதுகுழலால் ஊதியவுடன் புகை குறைந்து சுடர் எழுவதும் இதனாலேயாகும்.

இப்புகையில் கார்பன் மோனாக்சைடு, பார்மால்டிஹைடு, பென்சோபைரின் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளன. இவற்றினும் கொடியவை நுண்துகள்கள். 2.5 மைக்ரான் அளவினும் சிறியனவாகிய இவை, தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கினவே. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் பெரிய தூசுகளைத் தடுக்கவல்லவை; இந்நுண்துகள்களோ அவ்விரண்டையும் கடந்து நுரையீரலின் சிற்றறைகள் வரை செல்கின்றன. அவற்றுள் மிகச் சிறியவை குருதியிலும் கலக்கின்றன.

மண்ணடுப்பின் குறை புகை மட்டுமன்று. விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று மிகுதியாகவே பாத்திரத்தைச் சேர்கிறது. எஞ்சியது சுவரையும் கூரையையும் சமைப்பவரையும் சுடுகிறது. எரிவாயு அடுப்பிலோ பத்தில் ஆறு பங்குக்கும் குறையாத வெப்பம் பாத்திரத்தை அடைகிறது. ஒரு கிலோ எரிவாயுவின் வெப்பம் ஒரு கிலோ விறகினதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், 14.2 கிலோ கொண்ட ஓர் எரிவாயு உருளை செய்யும் வேலையைச் செய்வதற்கு 150 முதல் 200 கிலோ வரை விறகு வேண்டும். இவ்விறகைப் பொறுக்கி, வெட்டி, கட்டி, தலையில் சுமந்து, காயவைத்து, அடுப்பில் இடுபவர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே. ‘விறகுக்குக் காசு இல்லை’ என்னும் வழக்கு, அவர்தம் உழைப்புக்கு விலையிடாமையால் எழுந்ததேயாகும்.

உடலில் விளையும் கேடு

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், குழந்தைகளைத் தாக்கும் நிமோனியா ஆகியவை இவ்விறப்புகளின் காரணங்கள். உயிரைக் குடிக்காவிடினும் பார்வையைக் கெடுக்கும் கண்புரைக்கும் இப்புகைக்கும் தொடர்புண்டு.

ஒருநாளும் புகைபிடித்தறியாத மூதாட்டி, புகைபிடிப்போர்க்கு வரும் மூச்சு நோயால் இரவெல்லாம் இருமுவது சிற்றூர்களில் காணும் காட்சி. பல நேரங்களில் அது முதுமையின் இயல்பெனக் கொள்ளப்படுகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அடுப்பின்முன் அமர்ந்தமை அதற்குக் காரணமாகலாம் என எண்ணுவோர் சிலரே.

நிலக்கரியால் விளைந்த கேட்டுக்குச் சீன நாட்டு யுன்னான் மாநிலத்தின் சுவான்வெய் பகுதி ஒரு சான்று. புகைமிகும் நிலக்கரியைப் புகைபோக்கி இன்றி வீட்டினுள் எரித்த அப்பகுதியில், புகைபிடிக்காத பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிகக் கூடுதலாகக் காணப்பட்டது. புகைபோக்கியுள்ள அடுப்புக்கு மாறிய வீடுகளில் அந்நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என 2002-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அளந்து கண்டவை

இத்துறையின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் அமெரிக்க அறிஞர் கிர்க் ஸ்மித். அவர் 1980-களின் தொடக்கத்தில், குஜராத் மாநிலச் சிற்றூர்ப் பெண்களின் உடையிலேயே சிறு கருவிகளைப் பொருத்தி, சமைக்கும்போது அவர்கள் உட்கொள்ளும் காற்றை அளந்தார். ஒரு கன மீட்டர் காற்றில் பல ஆயிரம் மைக்ரோகிராம் துகள்கள் இருந்தன. நகர ஆலைப்புகையையே மாசு எனக் கருதிவந்த உலகம், ஏழையின் அடுக்களையிலும் மாசு உண்டென அறிந்தது அதன் பின்னரே. திறந்த அடுப்பொன்று எரிவது, ஒரு மணி நேரத்தில் நானூறு சிகரெட்டுகளை அச்சமையலறையில் எரிப்பதற்கு ஒப்பாகும் என்பது 2020-இல் மறைந்த அவ்வறிஞர் கூறிய உவமை.

தமிழ்நாட்டிலும் இவ்வளவை நிகழ்ந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் முதலியோர் நான்கு மாவட்டங்களில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஊரக வீடுகளில் ஆய்ந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். விறகு எரியும் வீடுகளில் சமைக்கும் வேளையில் நுண்தூசு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. ஒருநாள் முழுவதற்குமான சராசரியில், சமைப்பவர் உட்கொண்ட காற்றில் 231 மைக்ரோகிராமும், அதே வகை வீடுகளில் சமைக்காதவர் உட்கொண்டதில் ஏறத்தாழ 90 மைக்ரோகிராமும் இருந்தன.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு சிந்தனைக்குரியது. தூய எரிபொருள் பயன்படுத்திய வீடுகளிலும் சராசரி ஏறத்தாழ 82 மைக்ரோகிராமாக இருந்தது. தம் வீட்டில் புகையின்றியும் இவ்வளவு மாசு எங்ஙனம் வந்தது? சாலைப் புழுதி, குப்பை எரிப்பு போன்றவற்றோடு பக்கத்து வீட்டுப் புகையும் அதில் அடங்கும். புகைக்கு வேலியும் இல்லை, சுவரும் இல்லை. இந்தியாவின் வெளிக்காற்றிலுள்ள நுண்துகள் மாசிற்கும் வீடுகளில் எரியும் விறகும் சாணமும் மிகப் பெரிய காரணங்களுள் ஒன்றெனப் பின்வந்த ஆய்வுகள் கண்டன.

புகையில்லா அடுப்பின் வரலாறு

புகையை அகற்றும் எண்ணம் நம் நாட்டில் விடுதலைக் காலத்திலேயே தோன்றியது. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்னும் பொறியியலாளர் புகைபோக்கியோடு கூடிய மண்ணடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்னும் கருத்துடன் 1953-இல் நூலொன்றும் வெளியிட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1974-இல் தொடங்கப்பெற்ற ‘அஸ்த்ரா’ என்னும் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு, மூன்று பாத்திரங்களை வரிசையாக ஏற்றும் ‘அஸ்த்ரா ஒலெ’யை உருவாக்கியது. ‘ஒலெ’ என்னும் கன்னடச் சொல் நம் ‘உலை’க்கு உறவுடையது என்பது மொழிமாணவர்க்கு மகிழ்ச்சி தருவது.

இந்திய அரசு 1983-இன் இறுதியில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அது மாநிலங்களிடம் ஒப்படைக்கப்படும் வரை 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எண்ணிக்கை பெரிது, பயனோ அந்த அளவிற்கு இல்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது. அடுப்பின் வாய் பாத்திரத்திற்குப் பொருந்தவில்லை. வெடித்த மண்ணைப் பூச ஆளில்லை. கட்டப்பட்ட அடுப்புகள் கணக்கிடப்பட்டன; எரியும் அடுப்புகளைக் கணக்கிட்டவர் குறைவு.

குவாத்தமாலா நாட்டு மலைச்சிற்றூர்களில் கிர்க் ஸ்மித் குழுவினர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. புகைபோக்கி அடுப்பு வழங்கப்பட்ட வீடுகளில் குழந்தைகள் உட்கொண்ட புகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா குறைந்தது. ஆயினும், நிமோனியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஐயமற நிறுவத்தக்க குறைவு இல்லை. புகைக்கும் நோய்க்கும் உள்ள உறவு நேர்விகிதமானதன்று. மிகு புகையில் பாதியைக் குறைத்தாலும் நோய் பாதியாவதில்லை. மிகத் தாழ்ந்த அளவிற்குக் கொண்டுசென்றால்தான் முழு நன்மை கிட்டும். அடுப்பைத் திருத்துவதினும் எரிபொருளையே மாற்ற வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது இவ்வாறே.

எரிவாயுவின் வருகை

தமிழ்நாட்டில் 2006 சட்டமன்றத் தேர்தலுக்குப் பின்னர் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கும் திட்டம் செயற்படுத்தப்பட்டது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாள் உத்தரப்பிரதேசத்துப் பலியா நகரில் தொடங்கப்பெற்றது; இணைப்பு பெண்ணின் பெயரிலேயே வழங்கப்படும் என்பது அதன் சிறப்பு. 2019 செப்டம்பரில் 8 கோடியை எட்டிய அவ்விணைப்புகள் இன்று 10 கோடிக்கு மேற்பட்டுள்ளன. இத்துணைக் குறுகிய காலத்தில் இத்துணை வீடுகளுக்குத் தூய எரிபொருள் சென்றடைந்தமை பாராட்டத்தக்க அருஞ்செயலே.

ஆயினும் 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஊரக வீடுகளுள் 43.2 விழுக்காடே தூய எரிபொருளை முதன்மையாகப் பயன்படுத்துவதாகக் கூறின. அதிலும் ‘முதன்மையாக’ என்னும் சொல்லைக் கருத வேண்டும். காலையில் காப்பிக்கும் அவசரச் சமையலுக்கும் எரிவாயு. சோற்றுக்கும் குளிக்கும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்திற்கும் விறகு. இதுவே பல வீடுகளின் நடைமுறை.

வந்த அடுப்பும் அணையாத அடுப்பும்

உஜ்வலா குடும்பங்கள் 2019-20-இல் ஆண்டிற்குச் சராசரியாக 3.01 உருளைகளே வாங்கின. 2022 மே முதல் உருளைக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியம் வழங்கப்பட்ட பின்னர், 2023-24-இல் அது 3.95 ஆகவும், 2024-25-இல் 4.47 ஆகவும் உயர்ந்தது. ஐவர் கொண்ட குடும்பம் அனைத்தையும் எரிவாயுவிலேயே சமைக்குமாயின் ஓர் உருளை ஒன்றரை மாதத்திற்கு மேல் நீடிப்பது அரிது. ஆண்டிற்கு எட்டு உருளைகளாவது வேண்டும். ஆகவே, சமையலில் ஏறத்தாழப் பாதி இன்னும் விறகிலேயே நடைபெறுகிறது எனக் கொள்ளலாம்.

இதற்குக் காரணம் பழக்கமே எனக் கூறுவோர் பலர். மண்சட்டி மீன்குழம்பின் சுவை எரிவாயுவில் வருவதில்லை என்பர். புகை பட்டால்தான் கூரைவேய்ந்த கீற்றில் பூச்சி அண்டாது என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் முதற்காரணம் பொருளாதாரமே. கூலிவேலை செய்யும் குடும்பத்திற்கு வருவாய் நாள்தோறும் சிறிதுசிறிதாக வருகிறது. உருளைக்குரிய தொகையோ ஒரே நாளில் மொத்தமாக வேண்டும். மானியம் பின்னரே வங்கிக்கணக்கில் சேர்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக்கருவேல் வீட்டு வாயிலிலேயே வளர்ந்து நிற்கிறது. பிற இடங்களில் பருத்திமாரும் சோளத்தட்டையும் தென்னைமட்டையும் கைக்கெட்டும் தொலைவில் கிடக்கின்றன. பணப்பை கணவன் கையிலும் விறகுக்கட்டு மனைவி தலையிலும் இருக்கும் வீட்டில், எது மலிவு எனத் தோன்றும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஓர் ஆய்வு உணர்த்தும் உண்மை

பழக்கமா, பணமா என்னும் வினாவிற்கு விடை தரும் பேராய்வொன்று விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டச் சிற்றூர்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் 2018 முதல் நடைபெற்றது. ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்கள் இதில் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பாதியினர்க்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்கு விலையின்றி எரிவாயுவும் வீட்டிற்கே வழங்கப்பட்டன. அவ்வீடுகள் விறகடுப்பை ஏறத்தாழ முற்றிலும் கைவிட்டன. கருவுற்ற பெண்கள் உட்கொண்ட நுண்துகள் அளவு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 மைக்ரோகிராமாகத் தாழ்ந்தது. விறகிலேயே சமைத்தவர்களுக்கு அஃது ஏறத்தாழ 70 மைக்ரோகிராம். உருளை தடையின்றி வாயிலுக்கு வருமாயின், சுவையும் பழக்கமும் பெரிய தடையாவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

அதே ஆய்வு மற்றொன்றையும் உணர்த்தியது. அதனை மறைத்தல் அறமாகாது. 2022-இலும் 2024-இலும் வெளியான முடிவுகளின்படி, குழந்தைகளின் பிறப்பு எடையிலோ, முதலாண்டில் கடும் நிமோனியாவிலோ இரு பிரிவினர்க்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனைக் கொண்டு புகை தீங்கற்றது எனக் கூறுதல் தவறு. மாற்றம் தொடங்கியது கருவுற்ற பின்னரே. ஊட்டக்குறைவு முதலிய பிற காரணங்கள் அப்படியே இருந்தன. 18 மாதங்களில் அறியத்தக்க நோய்கள் வேறு, நாற்பதாண்டுப் புகையால் விளையும் இதயநோயும் மூச்சடைப்பும் வேறு. மேலும், எஞ்சிய 24 மைக்ரோகிராமும் உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி எல்லையாகிய 5 மைக்ரோகிராமைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எனவே, ஒரு வீட்டிற்கு ஓர் அடுப்பு என்பது தொடக்கமேயன்றி நிறைவாகாது என்பதே இவ்வாய்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

பிற வழிகள்

எரிவாயு ஒன்றே வழி என்பதில்லை. சாண எரிவாயு நம் நாட்டில் நெடுநாள் வளர்ந்த தொழில்நுட்பம். ஏறத்தாழ 25 கிலோ சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துக் காற்றுப்புகாத கலனில் இட்டால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயுவைத் தருகின்றன. எஞ்சிய கரைசல் நல்ல எருவாகிறது. சாணத்தை வறட்டியாக்கி எரித்தால் எருவும் போகிறது, புகையும் மிகுகிறது. ஆயினும் நான்கைந்து மாடுகளும் நாள்தோறும் நீரும் இடமும் உள்ளவர்க்கே இது கைகூடும்; நிலமற்றவர்க்கு எட்டாது.

மின்காந்த அடுப்பு புகையே இல்லாதது. மின்வெட்டும் குறைந்த மின்னழுத்தமும் இல்லாத ஊர்களில் சோறு வடிக்கவும் வெந்நீர் வைக்கவும் இதனைப் பயன்படுத்தலாம். சூரிய அடுப்பு செலவற்றது. விடியற்காலைச் சமையலுக்கும் இரவு உணவிற்கும் உதவாது. திருத்திய விறகடுப்போ, வேறு வழி கிட்டும் வரை இடைக்காலத் துணையாகும். எரிவாயுவும் நிலத்தடிப் பொருள்தானே, அது புவி வெப்பத்தை மிகுவிக்காதா என வினவுவோர் உளர். அவ்வினா நேரியது, ஆனால், அதற்குரிய விலையைச் செலுத்தும் பொறுப்பை ஏழைப் பெண்ணின் நுரையீரலில் முதற்கண் சுமத்துதல் நீதியாகாது.

செய்யத்தக்கன

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சில கடமைகள் புலப்படுகின்றன.

முதலாவது, வழங்கிய இணைப்புகளை எண்ணுவதோடு நில்லாமல், அணைந்த விறகடுப்புகளை எண்ண வேண்டும். ஆண்டிற்கு எத்தனை உருளைகள் வாங்கப்பட்டன என்பதே திட்டத்தின் அளவுகோலாதல் தகும்.

இரண்டாவது, மானியத்தைக் கழித்த விலைக்கே உருளை கிடைக்க வேண்டும். 5 கிலோ உருளைகள் சிற்றூர்களிலும் எளிதில் கிட்ட வேண்டும். முன்பணம் திரட்ட இயலாமையே விறகிற்குத் திரும்பக் காரணமாதலின், மகளிர் தன்னுதவிக் குழுக்கள் இதற்கெனச் சிறுசேமிப்பு நடத்தலாம்.

மூன்றாவது, வெந்நீரையும் தீவனத்தையும் மறத்தலாகாது. சோறு எரிவாயுவில் வெந்தாலும், கொல்லைப்புறத்தில் வெந்நீர்ப் பானை புகையுமாயின் பயன் பாதியே.

நான்காவது, தெரு முழுவதும், ஊர் முழுவதும் ஒருங்கே மாற வேண்டும். என் வீட்டுத் தூய்மையை அயலார் வீட்டுப் புகை கெடுக்கும். அயலார் மாறினால் எனக்கும் நலம். இதனால் இது தனியொரு குடும்பத்தின் செலவு என்னும் நிலையிலிருந்து, குடிநீரையும் கழிவுநீரையும் போல ஊராட்சியின் பொறுப்பு என்னும் நிலைக்கு உயர்கிறது.

ஐந்தாவது, விறகே எரித்தாக வேண்டிய வீடுகளில் காய்ந்த விறகைப் பயன்படுத்துதல், அடுப்பைத் திறந்தவெளித் தாழ்வாரத்திற்கு மாற்றுதல், கூரையில் புகை வெளியேற வழியமைத்தல், எரியும் அடுப்பருகே கைக்குழந்தையை வைத்திராமை ஆகியவை இன்றே செய்யத்தக்கவை. இவற்றால் கேடு முற்றும் நீங்காது, ஓரளவு குறையும்.

முடிவுரை

அடுப்புப் புகையாத வீடு என்றால் வறுமைப்பட்ட வீடு என்பதே நெடுங்கால வழக்கு. கூரைமேல் எழும் புகையைக் கண்டு, அவ்வீட்டில் இன்று உணவுண்டு என மகிழ்ந்தது நம் சமுதாயம். உணவு உண்டு, புகை இல்லை என்னும் நிலை இன்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. எரிபொருளும் கருவியும் கண்டறியப்பட்டுவிட்டன. கோடிக்கணக்கான வீடுகளின் மூலையில் அவ்வடுப்பு இருந்துகொண்டும் இருக்கிறது. எஞ்சியது, மாதக்கடைசியிலும் அது எரிவதற்கு வழிசெய்தலே. இதனை வாசிக்கும் மாணவ மாணவியருள் பலர் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். விடுமுறையில் ஊர் செல்லும்போது, தத்தம் வீட்டில் ஓர் உருளை எத்தனை நாள் வருகிறது, விறகு எதற்கு எரிகிறது, உருளை தீர்ந்தால் அடுத்ததற்குப் பணம் யார் தருவது என்று கேட்டறிவார்களாயின், அக்கேள்வியே அடுக்களைக்கு அவர்கள் செய்யும் முதல் உதவியாகும்.